பார்க்கப் பார்க்க அழியாதது

தாராவியில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எது நடந்தாலும் அதன் வீடியோ கடைசியில் கோகிலவாணியின் மேஜைக்குத்தான் வரும். அவள் கேமரா தூக்குவதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. கணவன் இசக்கி டிராம்பே பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். மகள் ருக்கு மூன்றாம் வகுப்பு. இருவரும் கிளம்பிப் போனதும் இரும்பு ஏணியில் மேல் அறைக்கு ஏறி, ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், ருக்கு பள்ளிக்கூடம் விட்டு வரும்போதுதான் இறங்குவாள்.

வேலை கூடக்கூட ஹார்டு டிஸ்க்குகள் நிறைந்துகொண்டே போயின. யாருடைய கல்யாணத்தையும் அழிக்க முடியாது. இரண்டு வருஷம் கழித்துக்கூட வந்து இன்னொரு பிரதி கேட்பார்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஸ்டூடியோ வைத்திருந்த ஷாகிர் பாய்தான் அதற்கு வழி சொன்னார். ஜாலா என்று ஒரு வலையமைப்பு. அதில் வீடியோக்கள் ஒரு கம்பெனியின் கிடங்கில் இருப்பதில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருடைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். நம் டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை மற்றவர்கள் வீடியோவுக்கு விட்டுக்கொடுத்தால் நமக்குப் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து நம் வீடியோவை மற்றவர்களின் கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் பார்க்கிற வீடியோவை வைத்திருந்தால் புள்ளிகள் அதிகம். யாரும் பார்க்காததை வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, அதனால் அப்படிப்பட்டதைக் கம்ப்யூட்டர்கள் தாமாகவே கழித்துவிடும். யாராவது அதற்கென்று தன் புள்ளிகளைக் கட்டினால்தான் அது தங்கும்.

கோகிலவாணிக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. 'கோகிலா வீடியோஸ், தாராவி' என்று கணக்குத் தொடங்கினாள். இரண்டு வருஷத்துக் கல்யாணங்களை அதில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

தீப்பிடித்தது ஏப்ரல் மாதம், ஒரு மத்தியானம்.

எதிரே கோமதிநாயகத்தின் பட்டறை. ரெக்ஸின் பைகள் தைக்கிற இடம். கீழே மெஷின்கள், மேலே சரக்கு. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். கோயில் கொடைக்கு முதல் வரி அவருடையது. சந்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அன்றைக்குப் பட்டறை வாசலில் இருந்த மீட்டர் பெட்டியிலிருந்து புகை வந்ததைக் கோகிலவாணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மீட்டர் பெட்டி புகைவது அந்தச் சந்தில் புதிதில்லை. மின்சார ஆபீஸுக்கு வீடியோ அனுப்பினால்தான் ஆள் வருவார்கள் என்பதால் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

பட்டறைக்குள்ளிருந்து கோமதிநாயகம் இருமிக்கொண்டே வெளியே வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். சந்தில் கூட்டம் கூடத் தொடங்கியது. அவர் கூட்டத்தையும் உள்ளே இருந்த சரக்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, சரக்கை யாரும் அள்ளிவிடக் கூடாது என்பதுபோல், ஷட்டரைப் பிடித்து இழுத்தார்.

மேலே சரக்குக்கு நடுவில் இரண்டு பேர் வேலை செய்வதைக் கோகிலவாணி காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பூட்டாதிய. மேல ரெண்டு பேரு இருக்காவ" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள்.

கோமதிநாயகம் தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஷட்டரைத் தரைவரை இறக்கி, குனிந்து பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

அவள் போனைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கி ஓடினாள். அதற்குள் புகை சந்தை அடைத்துவிட்டது. யாரோ கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தபோது ஷட்டர் தொட முடியாமல் கொதித்தது. தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட, குழாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். உள்ளே இருந்த இரண்டு பேரும் செத்துப்போயிருந்தார்கள். ஒருவன் பீகார்க்காரன். இன்னொருவன் ஜால்னாவிலிருந்து வந்தவன். அவன் மனைவி வந்தனா சயானில் வீட்டு வேலை செய்கிறவள்; செய்தி கேட்டுச் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

மின்கசிவு, ஷட்டர் திறந்துதான் இருந்தது, இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் என்று கோமதிநாயகம் சொன்னதையே போலீஸில் எழுதிக்கொண்டார்கள். பூட்டை உடைத்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை. கோகிலவாணியும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அந்த வீடியோவை ஷாகிர் பாய்க்கு மட்டும் அனுப்பினாள். என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கீழே எழுதினாள்.

ஷாகிர் பாய் அவளைக் கேட்கவில்லை. எல்லோரும் பார்க்கிற ஒரு தளத்தில் அதைப் போட்டார். மறுநாளே யாரோ புகார் கொடுத்து, அது எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கோபத்தில் அவர் அதை ஜாலாவில் ஏற்றினார்.

நாலு நாள் கழித்துக் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் எதையோ ஓடவிட்டாள். அதிலிருந்து கோகிலவாணியின் குரல் வந்தது. 'அண்ணாச்சி, பூட்டாதிய.' வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை வைத்திருந்தவள் மெதுவாகச் சத்தத்தைக் குறைத்தாள்.  குடம் நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஷாகிர் பாயைக் கூப்பிட்டு, அதை உடனே அழித்துவிடும்படி கெஞ்சினாள். 

"அழிக்க முடியாது கோகிலா. யார்ட்டச் சொல்லி அழிக்க? ஓனருன்னு ஒருத்தன் இருந்தால்லா சொல்லலாம். ஆயிரம் மெஷின்ல கெடக்கு. ஜனங்க பாக்குதாங்க, வச்சிருக்கவனுக்குப் பாயிண்ட் வருது. வருத வரைக்கும் எவன் விடுவான்?"

"என் குரலயாவது எடுத்துட்டுப் போட்டிருக்கலாம்லா பாய்."

"உங் குரலு இல்லன்னா அது வெறும் ஷட்டர் மூடுத வீடியோ. நீ சொன்னதக் கேட்டுட்டுத்தான் மூடுனாருங்கதுதானே விஷயம்."

அவர் சொன்னது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுவே பயத்தைக் கூட்டியது.

கோமதிநாயகம் வந்தபோது இசக்கி வேலைக்குப் போயிருந்தான். கையில் அல்வாப் பொட்டலத்தோடு, பின்னால் இரண்டு பேரோடு, ஏணியில் பொறுமையாக ஏறி வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தார். ருக்கு பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா என்று கேட்டார். எந்த வகுப்பு, எந்த வாசல் வழியாக வெளியே வருவாள் என்பதையும் அவராகவே சொன்னார். பொட்டலத்தைக் கீபோர்டு மேல் வைத்தார்.

"தங்கச்சி, அத எடுத்துரு."

அது தன் கையில் இல்லை, தான் போடவில்லை என்று அவள் சொன்னாள். ஷாகிர் பாயின் பேரைச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ போட்டியோ எவன் போட்டானோ. குரலு உன்னுது. அது அங்கன இருக்க வரைக்கும் நா உன்னத்தான் கேப்பேன்."

அவருடன் வந்தவர்கள் அவள் போனையும், மேஜையில் இருந்த ஹார்டு டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் அந்த வீடியோ இருக்கிறதா என்று அவளையே தேட வைத்து, அவள் கையாலேயே அழிக்க வைத்தார்கள். போகும்போது கோமதிநாயகம் ஏணியில் நின்று, ஒரு படி ஆடுகிறது, பிள்ளை ஏறி இறங்குகிற இடம், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

போனில் அவள் யாரோடு பேசியிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே ஷாகிர் பாயின் ஸ்டூடியோவுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். கேமரா, கம்ப்யூட்டர், டிஸ்க்குகள் எல்லாம் போயின. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் புகார் கொடுக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு மேலப்பாளையத்தில் இருக்கிற தம்பி வீட்டுக்கு ரயிலேறிவிட்டார்.

கோகிலவாணிக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஜாலாவைத் திறப்பாள். எந்த வீடியோவை எத்தனை கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கின்றன, யார் அதற்குப் புள்ளி கட்டியிருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கம் அதில் உண்டு. எண்ணிக்கை குறையவே இல்லை. ஒருவேளை பக்கம் பொய் சொல்கிறதோ என்று வீடியோவை ஓட்டிப் பார்ப்பாள். ஷட்டர் இறங்கும். தன் குரல் கேட்கும். அவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொள்வாள். ருக்குவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் போய் நிற்பாள். இசக்கி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடப்பாள்.

இசக்கி அதே நம்பரில் வேறு போன் வாங்கிக் கொடுத்திருந்தான். ஷாகிர் பாய் தம்பியின் போனிலிருந்து ஒரு நாள் கூப்பிட்டார். தினமும் ஓட்டிப் பார்ப்பதாக அவள் சொன்னதும் அவர் பதறிவிட்டார். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதுவும் ஒரு பார்வைதான், வைத்திருப்பவனுக்குப் புள்ளி ஏறும், நீயே அதை உயிரோடு வைத்திருக்கிறாய் என்றார். அவள் அன்றோடு நிறுத்தினாள்.

அப்படியும் எண்ணிக்கை இறங்கவில்லை. கோமதிநாயகம் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு இன்னும் இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் தெரிந்த தன் மருமகனை விட்டுத் தினமும் பார்க்கச் சொல்வதாகவும், மருமகன் நாலு நண்பர்களிடமும் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். கோகிலவாணிக்குச் சட்டென்று விளங்கியது.

"நீங்க பாக்குததாலதான் அண்ணாச்சி அது கெடக்கு" என்றாள். "பாக்காம விடுங்க. தன்னால போயிரும்."

 விளக்கமாகச் சொல்லும்படி கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போனை மருமகனிடம் கொடுத்து அவனுக்கும் சொல்ல வைத்தார். அவர்கள் வீடியோவை ஓட்டுவதை நிறுத்தி, எண்ணிக்கைப் பக்கத்தை மட்டும் பார்த்துவந்தார்கள்.

ஜூன் மாதம் மழை தொடங்கியபோது எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் வேறு வேறு வீடியோக்களுக்குப் போய்விட்டது. ஆயிரமாக இருந்தது நூறாகி, நூறு சில பத்துகளாகியது. கோமதிநாயகத்தின் போன் வருவது நின்றது. கோகிலவாணி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு செம்பூர் நிச்சயதார்த்தத்தை முடித்துக் கொடுத்தாள். எண்ணிக்கை இருபதுக்குக் கீழே வந்த அன்று, ருக்குவுக்கு மழைக்கோட்டு வாங்கத் தாதருக்குப் போனபோது, தான் பாடிக்கொண்டே நடப்பதைக் கவனித்து அப்படியே நின்றாள். அந்த வீடியோ அழிகிறது என்றுதான் பாடுகிறோம் என்று தோன்றியதும் பாட்டை விட்டாள்.

அந்த வாரத்தில்தான் வந்தனா வந்தாள். கூடவே பரீஹா என்ற வக்கீல். செம்பூரில் ஆபீஸ் வைத்திருக்கிற தமிழ்ப் பெண். அம்மா அப்பா தென்காசி, இவள் பிறந்து வளர்ந்தது பம்பாய். வந்தனா ஏணிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். பரீஹா மட்டும் மேலே ஏறி வந்து விஷயத்தைச் சொன்னாள். வழக்கை மறுபடி திறக்க வைக்க முடியும். போன் போனாக அனுப்பப்பட்டதெல்லாம் வெட்டப்பட்டவை, பாட்டுப் போடப்பட்டவை, கோர்ட்டில் போலி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். ஜாலாவில் இருப்பது மட்டும்தான் முழுசு. அன்றைக்குப் போட்டது கொஞ்சமும் மாறவில்லை என்பதற்கான முத்திரையும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

"நான் நேத்தே டவுன்லோட் பண்ணப் பார்த்தேன் அக்கா, பாதியில நின்னுடுச்சு. அதுல ஒரு துண்டு ஒரே ஒரு மெஷின்லதான் இருக்கு. அந்த மெஷின் ஆஃப்ல இருக்கு. அது திரும்ப ஆன் ஆனா, பார்க்க ஆளில்லேன்னு தூக்கிப் போட்டுடும். அதுக்குள்ள யாராவது பாயிண்ட்ஸ் கட்டணும். நான் நேத்துதான் அக்கவுண்ட் தொறந்தேன், எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

தன்னிடம் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது கோகிலவாணிக்குத் தெரியும். அத்தனையும் கல்யாணங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அதைவிட, புள்ளிகளைக் கட்டிய நிமிஷத்தில் அந்தப் பக்கத்தில் 'கோகிலா வீடியோஸ், தாராவி' என்று பேர் வரும். மருமகன் பார்ப்பான். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பரீஹா வற்புறுத்தவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வந்தனா எதிரே கரி பிடித்த ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் இசக்கிக்கு விடுமுறை. அவனிடம் சொன்னாள். அவன் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தான்.

"செத்தவன் திரும்பி வரப் போறதில்ல. நமக்கு ஒரு பிள்ள இருக்குட்டி."

"நாஞ் சொன்னதக் கேட்டுட்டுத்தான் பூட்டுனாரு. அது எனக்கும் அவருக்குந்தான் தெரியும். இது போச்சுன்னா அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்னு ஆயிரும். என்னையே நா நம்ப மாட்டேன்."

இசக்கி எழுந்து ஜன்னலைச் சாத்தினான். மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது.  பிறகு, ருக்குவை ஆண்டாப் ஹில்லில் இருக்கிற தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகவும், தான் போய்ச் சேர்ந்து போன் பண்ணுகிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்றும் சொன்னான். துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, என்ன ஏதென்று கேட்ட மகளைத் தூக்கிக்கொண்டு போனான்.

போன் வந்ததும் கோகிலவாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணங்களுக்குக் கட்டியிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்கு மாறின. சேர்ந்த அத்தனையையும் அந்த வீடியோவின் மேல் கட்டினாள். பக்கத்தில் அவள் பேர் வந்தது.

புள்ளிகளைக் கண்டதும் எங்கெங்கோ இருந்த கம்ப்யூட்டர்கள் கிடைத்த துண்டுகளைப் பிரதி எடுக்க ஆரம்பித்தன. அவளுடைய மெஷினும் எடுத்தது. அந்த ஒரு துண்டு மட்டும் வரவில்லை. அது இருந்த கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது. அது யாருடையது, எந்த நாட்டில் இருக்கிறது, அங்கே இப்போது பகலா ராத்திரியா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்த முகம் தெரியாத ஆள் தன் கம்ப்யூட்டரைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. கோமதிநாயகம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்து நின்றபோது கீழே சந்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் தாழ் போட்டாள். 

"தங்கச்சி, கதவத் தொற."

குரலில் கோபமே இல்லை.  ஏணியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. யாரையோ மீட்டர் பெட்டிப் பக்கம் போகச் சொன்னார். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது. அந்தத் துண்டு வந்திருக்கவில்லை.

இருட்டில், மழைச் சத்தத்துக்கு நடுவில், அவள் தாழைத் திறந்தாள். உடைத்துக்கொண்டு வருவதைவிட அது நல்லதென்று தோன்றியது. கோமதிநாயகம் ஈரக் குடையை வெளியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஆட்கள் கம்ப்யூட்டரை ஒயரோடு பிடுங்கினார்கள்.

"இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது அண்ணாச்சி."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தப் பயம் நடிப்பில்லை என்பதால், கம்ப்யூட்டரோடு வீடியோவும் போய்விட்டது என்று அவர் நம்பினார். அவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் போனதை அத்தனை வீட்டு வாசல்களிலிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள்.  அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல் இறங்கி, ஆண்டாப் ஹில் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் பார்த்து உடம்பு ஒடுங்கியது.

மறுநாள் காலையில் இசக்கியோடு செம்பூரில் பரீஹாவின் ஆபீஸுக்குப் போனாள். வந்தனா ஏற்கெனவே வந்திருந்தாள். தன் கம்ப்யூட்டர் போய்விட்டது, எதுவும் மிஞ்சியிருக்காது என்று கோகிலவாணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரீஹா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கோகிலவாணியின் மெஷின் அணைந்தாலும் அவள் கட்டிய புள்ளிகள் அணையவில்லை. அவை வலையில் அப்படியே நின்றன. அதற்குப் பிறகு எப்போதோ அந்த முகம் தெரியாத ஆள் தன் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறான். அது விழித்த உடனே, புள்ளிகளுக்குக் காத்திருந்த மற்ற கம்ப்யூட்டர்கள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுவிட்டன. இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வீடியோ முழுசாக இருந்தது. அதை வைத்திருக்கிற ஒருவருக்கும் தாராவி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. செத்தவர்கள் யார் என்றும் தெரியாது. புள்ளிகளுக்காக வைத்திருந்தார்கள்.

பரீஹா அதை ஓட்டினாள். வந்தனா முழு வீடியோவை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள். பட்டறையின் மேல் ஜன்னலில் யாரோ அசைவது ஒரு நொடி தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, விரலால் திரையைத் தொட்டாள். பிறகு மிச்சத்தையும் பார்த்தாள். தமிழ் தெரியாததால் குரல் என்ன சொல்கிறது என்று இந்தியில் கேட்டாள். கோகிலவாணி சொன்னாள். வந்தனா அடுத்ததாக ஒன்றுதான் கேட்டாள்.

"உஸ்னே சுனா, தீதி?"

அவர் காதில் விழுந்தது என்று கோகிலவாணி தலையசைத்தாள். வந்தனா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. இசக்கி எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாகவே நடந்தது. பரீஹா கோர்ட்டுக்குப் போனாள். குரல் தன்னுடையதுதான் என்று கோகிலவாணி வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். பரிசோதனைக் கூடத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்து, அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். கத்திச் சொல்லும்படி கேட்டபோது குரல் எழும்பவில்லை. நாலாவது தடவைதான் வந்தது. குரல் ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்ததும் கோமதிநாயகத்தைக் கைது செய்தார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிப்போனதைப் பார்த்ததாகச் சந்திலிருந்து ஒரே ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தார். குழாயடியில் போனின் சத்தத்தைக் குறைத்த அந்தப் பெண்தான்.

கோகிலவாணியும் இசக்கியும் தாராவிக்குத் திரும்பவில்லை. ஆண்டாப் ஹில்லில் ஓர் அறை பார்த்துக்கொண்டார்கள். ருக்கு பள்ளிக்கூடம் மாறினாள். தாதரில் ஒரு ஸ்டூடியோவில் கோகிலவாணி வேலைக்குச் சேர்ந்தாள். இழந்த கல்யாணங்களுக்காக ஆட்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். ஒரு பெண், இறந்துபோன தன் அப்பா அந்த வீடியோவில் மட்டும்தான் சிரிக்கிறார் என்று சொல்லி அழுதாள். 

நாலு மாதத்தில் கோமதிநாயகத்துக்கு ஜாமீன் கிடைத்தது. சாட்சிகள் பக்கமே போகக் கூடாது என்று நிபந்தனை. தாதர் பூ மார்க்கெட் பாலத்தில் ஒரு சாயங்காலம் அவர் எதிரே வந்தார். கூட்டத்தில் அவள் ஒதுங்க இடமில்லை. ஒரு கை தூரத்தில் வந்தபோது அவர் முகம் மாறாமல் சொன்னார்.

"என்ன தங்கச்சி, புது இடம் பிடிச்சிருக்கா?"

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. பிறகு பரீஹாவைக் கூப்பிட்டு, எந்த இடம், என்ன சொன்னார் என்பதைச் சொன்னாள். பரீஹா ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடுவதாகச் சொன்னாள். தனியாக வீட்டுக்குப் போக வேண்டாம், இசக்கியை வரச் சொல்லுங்கள் என்றாள்.

இசக்கி வருகிற வரைக்கும் அவள் ஒரு பூக்கடை வெளிச்சத்தில், சுவரோடு முதுகு ஒட்டியபடி நின்றாள். அடுத்த புதன்கிழமை கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று இசக்கி கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, புதன்கிழமை அவன் லீவு போட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான்.